ரெண்டு மடக்குத் தண்ணி

உட்காரு கண்ணு. அந்த நாற்காலி வேண்டாம், அது ஆடும். இப்படி என் பக்கத்துல வா. உங்கப்பாவை இப்பத்தான் உள்ள தள்ளிட்டுப் போனாங்க. நீ சீட்டுப் போட வரிசைல நின்னுட்டு இருந்தே, அதுக்குள்ள நர்சு வந்து பேரைக் கூப்பிட்டுருச்சு. நாந்தான் இவருதான்னு காட்டி விட்டேன். பயப்படாத. நீ போனதுல இருந்து நான் அவரை விட்டு நகரவே இல்ல. நல்ல மனுசன். வாய்ல பேச்சு வரலைன்னாலும் கண்ணாலயே எல்லாத்தையும் கேட்கறார்.

மூக்குக் குழாயை எடுத்துட்டாங்க போல இருக்கே? நல்லது. அந்தக் குழாயோட மனுசனைப் பார்க்க முடியாது. கைல என்ன, மாவு டப்பாவா? தண்ணில கலக்கி கஞ்சிப் பதத்துல குடுக்கறது? தெரியும் கண்ணு, எனக்கு எல்லாம் தெரியும்.

உள்ள போனா சித்த நேரம் ஆகும். பிரிஸில்லான்னு ஒரு புள்ள, அதுதான் விழுங்கறதுக்குப் பயிற்சி குடுக்குது. ஐஸ் குச்சியை எலுமிச்சம் சாத்துல தொட்டுத் தொண்டைக்குள்ள வைக்கும். நாக்கால கரண்டியைத் தள்ளச் சொல்லும். அப்பறம் "முழுங்குங்க, இன்னொருக்கா முழுங்குங்க"ன்னு பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி நிக்கும். கெட்ட புள்ளைன்னு சொல்ல மாட்டேன். ஆனா படிச்ச திமிர் கொஞ்சம் உண்டு.

நான் யாருக்காக வந்திருக்கேன்னா கேட்கறே? எனக்கு இங்க யாரும் இல்ல அம்மிணி. எங்கூட்டுக்காரர் போன ஆடில தவறிட்டார். அவரைக் கூட்டிட்டுத்தான் இங்க வந்துட்டு இருந்தேன். இப்ப நான் மட்டும் வரேன். ஏன் வரேன்னு சொல்றேன், உங்கப்பா வர்ற வரைக்கும் பழமை பேசிட்டு இருக்கலாம். எனக்கும் பேச ஆள் வேணும்.

எங்கக்கா இருந்தா. பாவாயின்னு பேரு. எனக்கு மூத்தவ. எங்கூட்டுக்காரருக்கு மொதல்ல அவளைத்தான் கட்டிக் குடுத்தது. மொதப் பிரசவத்துக்கு எங்க ஊட்டுக்கு வந்தா. சித்திரை வெயிலு, ஓட்டு வீடு, நெருப்பா எரியும். ஆம்பளப் பையன் பொறந்தான். பொறந்த மறாநாளே அவளுக்குக் காய்ச்சல் வந்துருச்சு. தண்ணி, தண்ணின்னா.

குடுக்கக் கூடாது கண்ணு. உங்க காலத்துல எப்படியோ, அப்பெல்லாம் பெத்த உடம்புக்குத் தண்ணி ஆகாது. வயிறு பெருத்துரும், சன்னி வந்துரும். மிளகு கசாயம், பூண்டு, வெத்தலை, அவ்வளவுதான். எங்கம்மா என்னைக் கூப்பிட்டா. நான் அப்பத்தான் வயசுக்கு வந்திருந்தேன். பானை இருந்த ரூமு வாசல்ல உட்கார வச்சு, "இவ கெஞ்சுவா, சொட்டுக் கூடக் குடுத்துராத, குடுத்தியின்னா அக்கா செத்துப்போவா"ன்னா. நான் உட்கார்ந்தேன். வேற என்ன பண்ணச் சொல்றே?

அக்கா கட்டில்ல இருந்து என்னையவே பார்ப்பா. "ஒரு மடக்கு புள்ளே. ஒரே மடக்கு. அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்." நான் தலையைத் திருப்பிக்குவேன். காய்ச்சலுக்கு நெத்தில ஈரத்துணி போட்டிருந்தோம். கொஞ்ச நேரம் பார்க்கறேன், அந்தத் துணியை இழுத்து வாய்ல வச்சு உறிஞ்சறா. கன்னுக்குட்டி மடி சப்பற மாதிரி. நான் ஓடிப்போய்ப் பிடுங்கிட்டேன். கொஞ்சம் பல்லுல கடிச்சுப் பிடிச்சா, அப்பறம் விட்டுட்டா. எங்கம்மா என்னை மெச்சினா, கெட்டிக்காரின்னு.

அன்னைக்குப் பொழுதோட போயிட்டா.

போனதுக்கப்பறம் ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வரிசைல வந்து வாய்ல பால் ஊத்தினாங்க. நானும் ஊத்தினேன். உள்ள போகல. வாய் ஓரமா வழிஞ்சு, கழுத்துல இறங்கி, தலகாணி நனைஞ்சுது. கேட்டப்ப இல்லாதது அப்ப வழிஞ்சு ஓடுச்சு. என் மேல என்ன தப்பு இருக்கு? பெத்தவ சொன்னா, நான் கேட்டேன்.

பச்சைக் கொழந்தைக்கு ஒரு தாய் வேணுமில்ல. வருசம் திரும்பறதுக்குள்ள எனக்கு அவரையே கட்டி வச்சுட்டாங்க. நான் அவரை மாமான்னுதான் கூப்பிடுவேன், கல்யாணத்துக்கு அப்பறமும் அப்படியேதான். குமரவேலுன்னு பையனுக்குப் பேரு. நான் பெத்ததில்லைன்னு யாரும் சொல்ல முடியாது, அப்படி வளர்த்தேன். மாமா கரூர் ரூட்டுல பஸ் ஓட்டினார். கோவிக்கத் தெரியாத மனுசன். அக்காவைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டார், நானும் பேச மாட்டேன். அவ பேரு எங்க ஊட்டுல யாரு வாய்லயும் வராது.

அவர் தண்ணி குடிக்கறதை நீ பார்த்திருக்கணும். பஸ் ஸ்டாண்டுல வண்டியை நிறுத்தினதும் சொம்பை ஒத்தைக் கையால தலைக்கு மேல தூக்கி, அண்ணாந்து, உதட்டுல படாம ஊத்துவார். ஒரு சொட்டு சட்டைல விழாது. தொண்டைல அந்த உருண்டை ஏறி எறங்கும். மடக் மடக்குன்னு சத்தம் கேட்கும். ஊட்டுலயும் அப்படித்தான், நான் சோறு பொங்கிட்டு இருந்தாக் கூட அந்தச் சத்தம் கேட்டாத் திரும்பிப் பார்ப்பேன். எனக்கு அது பிடிக்கும். ஒருத்தர் தாகம் தீரக் குடிக்கறதைப் பார்க்கறது எனக்கு எப்பவும் பிடிக்கும்.

அவருக்குத்தான் வாதம் வந்துச்சு. காத்தால டீ குடிச்சுட்டு இருந்தார். டீ வாய் ஓரமா வழியுது. "என்ன மாமா, கொழந்தை மாதிரி"ன்னு துடைக்கப் போனேன். வாய் ஒரு பக்கமாக் கோணியிருக்கு. வழிஞ்ச டீ கழுத்துல இறங்குது. நான் இதைப் பார்த்திருக்கேன் கண்ணு. இதே மாதிரி வழிஞ்சதை நான் பார்த்திருக்கேன்.

உயிரைக் காப்பாத்திட்டாங்க, அதுக்கு இந்த ஆசுபத்திரியைக் குத்தம் சொல்ல மாட்டேன். கை கொஞ்சம் வந்துச்சு, பேச்சு கொஞ்சம் வந்துச்சு. விழுங்கறது மட்டும் வரல. குழாய் போட்டாங்க. அப்பறம் பிரிஸில்லாகிட்ட அனுப்பினாங்க.

அந்தப் புள்ள மொத நாளே சொன்னது என்ன தெரியுமா? "அம்மா, ஐயாவை இனிமே அண்ணாந்து குடிக்க விடக் கூடாது. தலையைக் குனிஞ்சு, தாடையை நெஞ்சோட ஒட்டி வச்சுத்தான் முழுங்கணும்." காலமெல்லாம் நிமிர்ந்து குடிச்ச மனுசன். இப்ப திருடித் திங்கறவன் மாதிரிக் குனிஞ்சுட்டு, ஒரு ஸ்பூன் கூழு, ரெண்டு தரம் விழுங்கல், மறுபடி ஒரு ஸ்பூன். படுக்க வச்சு, தோள் தூக்காம தலையை மட்டும் தூக்கிக் கால் விரலைப் பார்க்கச் சொல்லும். கழுத்து நரம்பெல்லாம் புடைச்சுக்கும். அப்படி வேலை வாங்கினா மனுசன் நெஞ்சுல சளி கட்டாம என்ன செய்யும்? நீயே சொல்லு.

ஒரு நாள் இருட்டு ரூமுல உட்கார வச்சு, சுண்ணாம்புத் தண்ணி மாதிரி வெள்ளையா ஒண்ணைக் குடிக்கக் குடுத்துப் படம் எடுத்தாங்க. என்னையும் கூப்பிட்டுத் திரையில காட்டுச்சு அந்தப் புள்ள. "பாருங்கம்மா, இது சாப்பாட்டுக் குழாய், இது மூச்சுக் குழாய். கெட்டியாக் குடுத்தா சரியாப் போகுது. தண்ணியாக் குடுத்தா இங்க மாறிப் போகுது. நமக்கெல்லாம் மாறிப் போனா இருமித் தள்ளிருவோம். ஐயாவுக்கு அந்த உணர்ச்சியே இல்ல. தப்பாப் போனாலும் இருமல் வராது. அதனாலதான் தண்ணி வேண்டாங்கறேன். சளி பிடிச்சு உயிருக்கே ஆபத்தாயிரும்."

சிரிக்கறதா அழறதான்னு தெரியல எனக்கு. புரையேறினா இருமல் வரும். இருமல் வரலைன்னா புரையேறலைன்னுதானே அர்த்தம்? பால் குடிக்கற கொழந்தைக்குக் கூடத் தெரியும் இது. புரையேறினா யாரோ நெனைக்கறாங்கன்னு உச்சந்தலைல தட்டுவோம். அவருக்கு ஒரு தரம் கூட நான் தட்டினதில்ல. திரையில வெள்ளையா என்னமோ ஓடுச்சு, அதுல எது எங்க போகுதுன்னு யாருக்குத் தெரியும்.

சரி, பெரியவங்க சொல்றாங்கன்னு கேட்டுக்கிட்டேன். கேட்டு நடக்கறதுல என்னை மிஞ்ச ஆள் இல்ல. குழாயை எடுத்தாங்க. அன்னைக்குக் களியைக் கூழாக் கரைச்சு ஊட்டினேன். மனுசன் அழுதுட்டார். அப்பறம் மசிச்ச இட்லி, மசிச்ச வாழைப்பழம். பிரிஸில்லா கை தட்டுச்சு. "அடுத்த படம் எடுத்துப் பார்த்துட்டுத் தண்ணி ஆரம்பிக்கலாம்மா. கொஞ்ச நாள் மட்டும் பொறுத்துக்கோங்க." எங்கம்மாவும் அக்காகிட்ட இதேதான் சொன்னா. கொஞ்சம் பொறுத்துக்கோன்னு.

அதோட விட்டிருந்தாப் பரவாயில்ல. இன்னொண்ணு சொல்லிக் குடுத்துச்சு. ஒவ்வொரு ஸ்பூனும் முழுங்கினதும் ஏதாச்சும் ஒரு பேரைச் சொல்லணும். குரல் தெளிவா இருந்தா நல்லபடியா எறங்கிருச்சு. களகளன்னு ஈரமா வந்தா தொண்டைல தண்ணி நிக்குதுன்னு அர்த்தம், நிறுத்திரணும். "உங்களுக்குப் பிடிச்ச பேர் எதாச்சும் சொல்லுங்க ஐயா"ன்னு சொல்லுச்சு. நான் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன். என் பேரைச் சொல்லுவார், இல்ல பையன் பேரைச் சொல்லுவார்னு பார்க்கறேன்.

"பாவாயி"ன்னார்.

எனக்குக் கைல இருந்த கிண்ணம் விழுந்துருச்சு. அத்தனை வருசம் வாய்ல வராத பேரு. அந்தப் புள்ளைக்கு என்ன தெரியும், "ரொம்ப நல்லா வருது, ஊட்டுலயும் இதையே சொல்லுங்க"ன்னுருச்சு. அதுல இருந்து ஊட்டுல ஒவ்வொரு ஸ்பூனுக்கும் பாவாயி. காத்தால பாவாயி, மத்தியானம் பாவாயி. ஊட்டறது நான், கூப்பிடறது அவளை. பொறாமைன்னு நெனைக்காத. செத்தவமேல என்ன பொறாமை. பயம் கண்ணு. பேரைக் கூப்பிட்டா வந்துருவாங்கல்ல?

வந்துட்டா.

சிரிக்காத. களகளன்னு வந்தா நிறுத்தணும்னு சொன்னேன்ல, சில நாள் அவர் குரல் அப்படித்தான் வரும். தொண்டைக்குள்ள தண்ணி நின்னுட்டுப் பேசற மாதிரி. அது அவர் குரல் இல்ல. அந்தக் காய்ச்சல்ல அக்கா கடைசியாப் பேசினாளே, தொண்டை கரகரத்து, சளி கட்டி, அதே குரல். எத்தனை வருசமானாலும் எனக்குத் தெரியாதா? பட்டப்பகல்ல, நான் அடுப்படில நிக்கறப்ப, கட்டில்ல இருந்து அந்தக் குரல் வரும். "தண்ணி. ஒரு மடக்கு." ஒரு மடக்குன்னுதான் வரும். அவர் வாழ்நாள்ல ஒரு மடக்குன்னு கேட்டதே இல்ல, சொம்பு சொம்பாக் குடிச்சவர். ஒரு மடக்குன்னு கேட்டவ யாரு?

போய்ப் பார்த்தா அவர் கண்ணு என்னையே பார்க்குது. நெத்தில ஈரத்துணி இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்.

மாவு கலக்கிக் குடுத்தேன். துப்பிட்டார். அதுல தாகம் எங்க தீரும்? தண்ணின்னா தண்ணியா இருக்கணும். தலையைத் திருப்பிக்கப் பார்த்தேன், முடியல. இன்னொரு தரம் பானைக்குக் காவல் உட்கார என்னால ஆகாது. யாரு பெத்த உடம்போ, யாரு படிச்ச படிப்போ, எனக்கு அதெல்லாம் வேண்டாம். மாமான்னு கூப்பிட்டேன். நிமிர்த்தி உட்கார வச்சேன். தலையை நல்லா அண்ணாத்தி, சொம்பைத் தூக்கி, அவர் குடிப்பாரே அதே மாதிரி, உதட்டுல படாம ஊத்தினேன்.

ரெண்டு மடக்கு. ஒண்ணு அவருக்கு, ஒண்ணு அவளுக்கு.

உள்ள போச்சு கண்ணு! ஒரு சொட்டு வழியல. உருண்டை ஏறி எறங்குச்சு. ஒரு இருமல் வரல, ஒரு செருமல் வரல. அவர் கண்ணை மூடிக்கிட்டார். அந்த முகத்துல வந்த அமைதியை நான் எப்படிச் சொல்றது. நான் கட்டில் காலைப் பிடிச்சுட்டு அழுதேன். என் நெஞ்சுல கல்லாக் கிடந்தது எறங்கின மாதிரி இருந்துச்சு.

அப்பறம் தினமும் குடுத்தேன். மத்தியானம், யாரும் இல்லாதப்ப. கேட்கறப்பெல்லாம் குடுத்தேன். ஒரு நாளும் இருமல.

ஆடி பொறந்ததும் காய்ச்சல் வந்துச்சு. மூச்சு இழுத்துச்சு. நுரையீரல்ல சளின்னு இங்கதான் கொண்டாந்து சேர்த்தோம். டாக்டர் கேட்டார், "வாய் வழியா தண்ணி ஏதாச்சும் குடுத்தீங்களா?" குமரவேலும் என் கையைப் பிடிச்சுட்டுக் கேட்டான், "அம்மா, என்னம்மா குடுத்தே? சொல்லும்மா." ஒண்ணும் குடுக்கலைன்னேன். பொய்யில்ல கண்ணு. மாத்திரை குடுத்தேன், கஞ்சி குடுத்தேன்னு சொல்லலாம். தண்ணியை யாராச்சும் குடுத்தேன்னு சொல்லிக் காட்டுவாங்களா? சொல்லிக் காட்டினாக் குடுத்த புண்ணியம் போயிரும்.

பிரிஸில்லா ஐசியூ வாசல்ல வந்து நின்னு அழுதுச்சு. "அடுத்த வாரம் படம் எடுக்கறதா இருந்துச்சும்மா, எவ்வளவு நல்லா வந்துட்டு இருந்தார்"னு அழுதுச்சு. அதும் மனசுல ஏதோ குத்துது போல. கழுத்தைத் தூக்கு, நாக்கைத் தள்ளுன்னு படுத்தி எடுத்துட்டு அப்பறம் அழுதா ஆச்சா? போச்சாது போ, சின்னப் புள்ளன்னு விட்டுட்டேன். இப்ப என்னைப் பார்த்தாக் கூட வந்து கையைப் பிடிச்சுக்கும். "ஊட்டுல தனியா இருக்க முடியலையாம்மா"ன்னு கேட்கும். பாவம், அதுக்கு என்ன தெரியும்.

தாகத்தோட போகல அவர். அது ஒண்ணு போதும் எனக்கு. தாகத்தோட ஒருத்தி போய் நான் பட்டது போதும்.

ஆனா ஒண்ணு கண்ணு. அவர் போனா அவளும் போயிருவான்னு நெனைச்சேன். போகல. கருமாதி முடிஞ்சு ஒறம்பரை எல்லாம் கிளம்பினதும், அந்தக் காலிக் கட்டில்ல இருந்து மறுபடியும் அந்தச் சத்தம். களகளன்னு. மத்தியானம் வெயில் ஏறினா வந்துரும். சொம்புல தண்ணி வச்சுப் பார்த்தேன். படையல் போட்டுப் பார்த்தேன். குடிக்கறதுக்கு அவளுக்கு ஒரு தொண்டை வேணுமில்ல? அது எங்கிட்ட இல்ல.

ஒரு நாள் பழைய ஃபைலைக் குடுத்துட்டுப் போலாம்னு இங்க வந்தேன். இதே பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் சக்கர நாற்காலில ஒரு பெரியவர், ஆரோ எவரோ, தொண்டையைச் செருமினார். அக்கா குரல். இங்கதான் வந்து உட்கார்ந்திருக்கா கண்ணு. இந்த வாசல்ல உட்கார்றவங்க எல்லார் தொண்டைலயும் அவ இருக்கா. எல்லாரும் குடிக்கக் கூடாதுன்னு தடுத்து வச்சவங்க. எல்லாரும் தண்ணி தண்ணின்னு கண்ணால கேட்கறவங்க. தண்ணிக்குக் காவல் போட்டு ஊருபட்ட பேரு நிக்கறாங்க, குடுக்கறதுக்கு ஒரு ஆள் இல்ல.

அதுல இருந்து சொம்பைக் கழுவி, பானைத் தண்ணி எடுத்துட்டு வந்துர்றேன். இதோ பை. அந்தக் காலத்துல வழிப்போக்கருக்குத் தண்ணி வச்சாப் போற வழிக்குப் புண்ணியம்பாங்க. நான் இங்க வைக்கறேன். யார்கிட்டயும் சொல்றதில்ல. உங்கிட்டத்தான் சொல்றேன். உன் முகத்துல கொஞ்சம் அவ சாடை இருக்கு.

ஏன் எந்திரிச்சே? உட்காரு. கதவு இன்னும் திறக்கல.

ஏங்கண்ணு இப்படிப் பார்க்கறே? நீ வரிசைல நின்னப்ப உங்கப்பா தொண்டையைச் செருமினார். அதே குரல். என்னைப் பார்த்தார். பையைப் பார்த்தார். நான் எச்சில் படாமத்தான் குடுத்தேன், தலையை அண்ணாத்திப் பிடிச்சுக்கிட்டேன். ரெண்டே மடக்கு.

டப்பாவைக் கீழ போட்டுட்டே பாரு. எங்க ஓடறே? பயப்படறதுக்கு ஒண்ணும் இல்ல கண்ணு. நல்லா உள்ள போயிருச்சு. நான் பார்த்துட்டே இருந்தேன்.

ஒரு இருமல் கூட வரல.